தாழ்ப்பாளை ஆட வைத்த வாரம்

மார்ச் 11, செவ்வாய்

மைதானம் முழுக்கத் தண்ணீர். கார் நிறுத்துமிடத்தில் கால்பந்துப் பயிற்சி நடத்தினேன். பதினெட்டு வருடம், ஆறு நாடு, இது ஏழாவது கிளப். பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் இருக்கிறோம். இப்படியே முடிந்தால் கீழ் லீக்குக்குத் தள்ளிவிடுவார்கள்.

எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டுக் குளியலறையில் முந்தைய கோச்சின் ரப்பர் செருப்பு இன்னும் கிடக்கிறது. அவருக்கு முந்தையவரின் கண்ணாடிக் கூடு சமையலறை இழுப்பறையில். எதையும் தூக்கிப்போட மனம் வரவில்லை. நான் போன பிறகு என்னுடையது எது கிடக்குமோ.

கேப்டனை எல்லோரும் ‘தாழ்ப்பாள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பத்தொரு வயது, தடுப்பாட்டக்காரன். அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். இன்று ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்து எழுந்து, “சார், இந்தப் போக்குல போனா அடுத்த வருஷம் நாம கார் பார்க்கிங் லீக்லதான் ஆடணும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இங்கே வந்து மூன்று மாதத்தில் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான்.

மார்ச் 23, ஞாயிறு

0–0. ஒரு புள்ளி. ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தோல்வி. மனைவியிடம் பேசினேன். முதல் மூன்று நாடுகளுக்கு அவளும் கூடவே வந்தாள். நான்காவதற்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள், “எனக்குத் தெம்பில்லங்க, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டாள். அப்போது மகளுக்குப் பத்து வயது. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“தோத்துட்டீங்களா?”

“எப்படித் தெரியும்?”

“ஜெயிச்சா என்ன சாப்பிட்டீங்கன்னும் சொல்லுவீங்க.”

மே 11, ஞாயிறு

1–2. அறுபத்திரண்டாவது நிமிடம் தாழ்ப்பாள் எம்பினான். எதிராளியும் எம்பினான். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் என் பெஞ்சு வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தான். பிறகு எழுந்து தன் இடத்துக்குப் போய் நின்றான், ஆனால் நம் கோல் பக்கம் பார்த்தபடி. டாக்டர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

இன்னும் ஒரே ஆட்டம். அடுத்த ஞாயிறு ஜெயித்தே ஆகவேண்டும்.

மே 13, செவ்வாய்

கிளப் டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார்: “மூணு வாரம். பந்து அவன் தலையில படவே கூடாது. மூளை அதிர்ந்துபோயிருக்கு கோச். இன்னொரு அடி பட்டா என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது.”

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். கிளப்பின் சொந்தக்காரர். கோபமே வராத மனிதர்.

“அவன் இல்லாம ஜெயிக்க முடியுமா?”

“கஷ்டம்.”

“அப்ப?”

அவ்வளவுதான் கேட்டார். பிறகு பழச்சாறு கொண்டுவரச் சொன்னார்.

மே 15, வியாழன்

உடைமாற்றும் அறைக்குத் தாழ்ப்பாளைத் தனியாகக் கூப்பிட்டேன். வந்தவன் விளக்கு இருந்த பக்கம் நெற்றியில் கைவைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். பேசி முடிக்கும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதைப் பிறகு மறக்க வசதியாக இருக்கும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

“ஆடுறியா?” என்றேன்.

“நீங்க சொன்னா ஆடுறேன் சார்.”

“உனக்கு எப்படி இருக்கு?”

“நீங்க சொல்லுங்க சார்.”

முடிவை அவன் தலையில் கட்டப் பார்த்தேன். அவன் அதை என்னிடமே திருப்பித் தந்தான். நான் ‘சரி, ஆடு’ என்றேன்.

மே 16, வெள்ளி

டாக்டர் என் மேசை முன்னால் நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அவன் ஆடலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அரை மணி நேரம் மட்டும் ஆடட்டும். முடியலைன்னா வெளியே எடுத்துடறேன்.”

“நீங்க எடுக்க மாட்டீங்க. உங்களுக்கே தெரியும்.”

மதியத்துக்குள் டாக்டருக்குக் கட்டாய விடுப்பு. முதலாளியின் மாப்பிள்ளை வந்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அவர் பல் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்கியதற்குப் பதில் எழுந்து அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்கலாம்.

மே 18, ஞாயிறு

1–0. ஜெயித்தோம்.

முப்பதாவது நிமிடம் அவனை எடுக்கவில்லை. அறுபதிலும் எடுக்கவில்லை. எழுபத்தெட்டாவது நிமிடம் அடுத்தடுத்து இரண்டு கார்னர். இரண்டையும் தலையால் முட்டித் தள்ளினான். இரண்டாவது முறை தரையில் காலூன்றியபோது கொஞ்சம் தடுமாறினான். உதவிக் கோச் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

விசில் ஊதியதும் ஜனம் உள்ளே பாய்ந்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்த உயரத்திலிருந்து தாழ்ப்பாள் தன்னந்தனியாக நடந்து உள்ளே போவதைப் பார்த்தேன். ‘இறக்குங்க, இறக்குங்க’ என்று கத்தினேன். சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து இன்னும் மேலே தூக்கினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தான். இன்னொன்றின் நாடா கையில்.

“இது எந்தப் பாதி சார்?” என்றான்.

வாந்தி எடுத்தான். அப்படியே பெஞ்சிலிருந்து சரிந்தான்.

மே 19, திங்கள்

ஆறு மணி நேர ஆபரேஷன். உயிர் இருக்கிறது.

மே 27, செவ்வாய்

முதலாளி அறை. இரண்டு வருட ஒப்பந்தம் மேசையில் இருந்தது. அதன் மேல் இன்னொரு தாள். லீக் விசாரணைக்கு நான் தரவேண்டிய வாக்குமூலம், முன்கூட்டியே தட்டச்சு செய்தது. ஆட்டக்காரர் தன் உபாதைகளை மறைத்தார், கிளப் டாக்டர் முறையாக எச்சரிக்கவில்லை, எனக்கு எதுவும் தெரியாது.

“கையெழுத்துப் போட்டுட்டா எல்லாருக்கும் நல்லது கோச். அவன் குடும்பத்தையும் கிளப் பாத்துக்கும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க இதில் என்ன இருக்கிறது? இருக்கிறதே. எனக்கு வயது ஐம்பத்தாறு. இதை விட்டால் வேறு கிளப் கிடைக்காது. பந்தைத் தவிர வேறு எந்த வேலையும் தெரியாது. அவன் பொய் சொன்னான்னு நான் எழுதினா, அவன் எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப்போறானா? சொல்ல மாட்டான். அவனால முடியாது. அதுதானே எனக்கு வசதி — சே, என்ன எழுதுறேன் நான்.

மே 28, புதன்

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாக ஒன்றுவிடாமல்.

“அவன் கண்ணை மறைச்சதை நீங்க பாத்தீங்களா, இல்லையா?”

“பாத்தேன்.”

“அப்ப அதைச் சொல்லுங்க. இதுக்கு என்னை எதுக்குக் கேக்குறீங்க?”

ஜூன் 10, செவ்வாய்

லீக் விசாரணை. நீளமான மேசை, மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சொன்னேன். டாக்டர் எச்சரித்தார். எனக்குத் தெரியும். அவனுக்கு வெளிச்சம் தாங்கவில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன். ஆட வைத்தது நான். கிளப் என்ன செய்தது என்பதையும் சொன்னேன். பல் டாக்டர் என்றதும் நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் டாக்டர் நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேனா? நினைத்தேன் போல. நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார்: “இதையெல்லாம் மே பதினாறாம் தேதியே சொல்லியிருக்கலாம் கோச்.”

ஜூன் 20, வெள்ளி

எனக்கு ஐந்து வருடத் தடை. கிளப்புக்கு அபராதம். டாக்டர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

ஊருக்குக் கிளம்பும் முன் தாழ்ப்பாள் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. அவன் மனைவி கதவைப் பாதி திறந்தபடியே நின்றாள். வேலைக்குப் போகும் உடையில் இருந்தாள்.

நான் தயார்செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். முடிக்கும் வரை கேட்டாள்.

“சொல்லியாச்சா சார்?”

“ஆச்சும்மா.”

“நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. திங்களும் வியாழனும் அவரைப் பிசியோதெரபிக்கு யாரு கூட்டிட்டுப் போறது? ரெண்டு மாடி அவரை யாரு இறக்குறது? நான் லீவு போட்டுப் போட்டு வேலையே போகப்போகுது.”

உள்ளே தொலைக்காட்சிச் சத்தம். “நான் கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒன்பது மணி. லேட் ஆகக் கூடாது” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவருக்குப் போன ஒரு வருஷம் சுத்தமா ஞாபகத்துல இல்ல. உங்களைத் தெரியாது. நான் எதுவும் சொல்லல. சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்.”

ஜூன் 26, வியாழன்

சலவைக் கடைக்கு மேல் ஒரு அறை பிடித்துவிட்டேன். பழைய கார் ஒன்றும்.

அவன் வலது கால் இழுக்கிறது. படியில் அவன் இடுப்பை நானும், கைப்பிடியை அவனுமாகப் பிடித்து இறங்க இருபது நிமிடம். “சிரமம் குடுக்கிறேன் அண்ணே” என்றான். ஆஸ்பத்திரி டிரைவர் என்று நினைத்திருக்கிறான்.

ஜூலை 6, ஞாயிறு

மனைவி: “வீட்டுக்கு வராம இருக்கிறதுக்கு உங்களுக்கு எப்பவுமே ஒரு காரணம் கிடைச்சிடுது, இல்ல?”

இந்த முறை காரணம் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பதினெட்டு வருடமும் அதைத்தானே சொன்னேன்.

ஜூலை 31, வியாழன்

காரில் கேட்டான்: “அண்ணே, நீங்க பந்து ஆடினதுண்டா?”

“கொஞ்சம்.”

“நான் நல்லா ஆடுவேனாம். எல்லாரும் சொல்றாங்க. கடைசி ஆட்டத்துல எங்க டீமைக் காப்பாத்தினேனாம். எதுவுமே ஞாபகமில்ல.” சிரித்தான். “நீங்க அந்த ஆட்டத்தைப் பாத்தீங்களா?”

பார்த்தேன் என்றேன். அடுத்த கேள்வி வருவதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

சொல்லிவிட்டேன். பிசியோதெரபி முடிந்து, நடைபாதை பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நான்தான் உன் கோச் என்றேன். மே பதினைந்தாம் தேதி உடைமாற்றும் அறையில் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். நெற்றியில் கைவைத்து மறைத்ததையும் விடவில்லை.

கேட்டுக்கொண்டே தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“நான் வேண்டாம்னு சொன்னேனா?”

“இல்ல.”

“சரின்னு சொன்னேனா?”

“நீங்க சொல்லுங்கன்னு சொன்னே.”

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். படியில் என் கையைத் தொடவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தானே ஏறினான். முக்கால் மணி நேரம். நான் இரண்டு படி கீழேயே நின்று வந்தேன்.

செப்டம்பர் 6, சனி

அவன் மனைவிக்குப் போன் செய்தேன். “திங்கட்கிழமை வரட்டுமா?”

“கேட்டேன் சார். பதில் சொல்ல மாட்டேங்கிறார்.”

செப்டம்பர் 8, திங்கள்

எட்டே முக்காலுக்குப் போய்த் தெருவில் வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மேலே போகவில்லை. ஒன்பது ஆயிற்று. ஒன்பதே கால். கிளம்பலாமா என்று சாவியைத் திருப்பும்போது படிக்கட்டில் காலை இழுக்கும் சத்தம் கேட்டது.

தனியாகவே இறங்கி வந்தான். சட்டை முழுக்க வேர்வை. நான் ஓடிப்போய் முன்பக்கக் கதவைத் திறந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கக் கதவை இடது கையால் தானே திறந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தான்.

“லேட்டாயிடுச்சு, போங்க” என்றான்.

வண்டியை எடுத்தேன்.