எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு குரல்

கடித எண்: 1/2025
நாள்: 2 ஜனவரி 2025, வியாழக்கிழமை
நேரம்: காலை 6.40
இடம்: கள்ளக்குறிச்சி

அன்புத் தம்பி வியாகுலத்துக்கு,

பெயரனின் ஞானஸ்நானம் இனிதே நிறைவேறி, திருச்சியிலிருந்து சின்னசேலம் திரும்பியிருப்பாய். குழந்தைக்கு என் ஆசிகள். தொலைபேசியில் நீ எவ்வளவு உரக்கப் பேசினாலும் என் காதுக்கு எட்டுவது இரைச்சல்தான் என்பதால், பழைய வழக்கப்படி இக்கடிதம்.

டிசம்பர் 29, ஞாயிறு அன்று நடந்த காலிறுதியில் நம் கோமுகி கால்பந்துக் கழகம் வென்றது. பயிற்சியாளராகிய நீ ஊரில் இல்லாமலே வென்றது என்று சிலர் கேலி பேசினார்கள். அந்தக் கேலி நெடுநேரம் நீடிக்கவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் நம் அணித் தலைவன் வேடியப்பன் விழுந்தான். எவரும் இடிக்கவில்லை. பந்தோடு திரும்பும்போது வலது கால் தரையில் ஊன்றியபடி நின்றது. உடல் மட்டும் திரும்பியது. முழங்காலின் உள்நார் கிழிந்துவிட்டதாம். அறுவைச் சிகிச்சை செய்து ஓராண்டு பொறுத்தால் ஆடலாம் என்றார் மருத்துவர். "மறுபடி ஆடுவேன் இல்லைங்களா?" என்பதையே அவன் மூன்று விதமாகக் கேட்டான். ஆம் என்ற பதில் வந்த பிறகுதான் அழுதான். இருபத்து நான்கு வயதில், மலையிலிருந்து கீழே இறங்கி வந்ததற்கு அவனிடம் உள்ள ஒரே காரணம் இந்த ஆட்டம்.

இனி அணியைப் பற்றி. நம் பின்வரிசை நால்வரும் நடுக்கோட்டை ஒட்டி நிற்பது உன் ஏற்பாடு. அதை நடத்தியவன் வேடியப்பன். கல்வராயன் மலையில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவில் இருப்பவரை அழைப்பார்களே, அந்த "ஊ...ய்" என்ற குரலை அவன் எழுப்பினால் நால்வரும் ஒரே அடியாக மேலேறுவார்கள். எதிரணிக்காரன் ஆஃப்சைடில் மாட்டுவான். தப்பி ஓடினாலும் வேடியப்பனின் கால்கள் அவனைப் பிடித்துவிடும். இப்போது அந்தக் குரலும் இல்லை, கால்களும் இல்லை. ஆகவே வரிசையைப் பின்னுக்கு இழுத்து, நம் கோலுக்கு அருகில் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் நடுக்களம் காலியாகும், முன்னே அன்புச்செல்வன் தனித்துப்போவான், ஆட்டம் பார்க்கச் சகிக்காது என்பதெல்லாம் நானும் அறிவேன். ஆயினும் தோற்க மாட்டோம். வேடியப்பன் இடத்தில் சிவசங்கர் போதும்.

என் யோசனையை நீ ஏற்பது வழக்கமில்லை. எழுதி வைப்பது என் வழக்கம்.

அன்புடன்,
தெ. தெய்வசிகாமணி
செயலாளர்

இணைப்புகள்:
1. மருத்துவ அறிக்கையின் படி.
2. பின்வரிசை நிற்க வேண்டிய இடங்கள், என் கைவரைபடம்.
3. பதிலுக்காக, தபால்தலை ஒட்டி என் முகவரி எழுதிய உறை.

---

சின்னசேலம்
பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வாரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. தபால்தலை ஒட்டிய உறையை நீங்கள் வைக்காவிட்டால் நான் பதில் எழுதவே மாட்டேன் என்று என் மனைவி ஆனந்தமேரி சிரிக்கிறாள். நாற்பது வருஷமாக உங்கள் உறையில்தான் என் கடிதம் பயணம் போகிறது.

உங்கள் வரைபடத்தைப் பயிற்சியில் முயன்று பார்த்தேன். பையன்கள் பயந்த ஆடுகள் மாதிரி கோலுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். கோல்கீப்பர் சாம் கத்துகிறான்: "எனக்கு முன்னாடி இன்னாடா மாரியம்மன் தேரா நிக்குது? ஒதுங்குங்கடா, பந்து தெரியல!" சிவசங்கருக்கு வாயே திறக்கவில்லை. அவனைக் குரல் கொடுக்கச் சொன்னால் பூனைக்குட்டி மாதிரி கூப்பிடுகிறான்.

அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன் அண்ணே, கேட்டால் நீங்களே மெச்சுவீர்கள். கால் இல்லாவிட்டால் என்ன, குரல் இருக்கிறதே? வேடியப்பனை வடக்குக் கோலுக்குப் பக்கத்தில் இருக்கிற பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டேன். அவன் வெளியிலிருந்து "ஊ...ய்" என்பான், உள்ளே நாலு பேரும் ஏறுவார்கள். நேற்று மாலை செய்து பார்த்தோம். கடிகாரம் மாதிரி ஓடியது.

அவன் மட்டும் இழுத்தான். "சார், கோட்டோட கோடா நின்னாதான் எனக்குத் தெரியும். குந்திக்கினு சாய்வா பாத்தா தப்பாப் பூடும். ரெண்டாம் பாதில நம்ம ஆளுங்க தெக்கால பக்கம் போயிடுவாங்க, அங்க என் சத்தம் லேட்டாதான் போவும்" என்றான். "நான் சொல்றேன், நீ கத்து. தப்பானா என் தப்பு" என்றேன். அதற்கப்புறம்தான் கத்தினான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவன் உள்ளே உட்காரச் சட்டப்படி ஒரு வழி பண்ணுங்கள்.

அன்புத் தம்பி,
வியாகுலம்

---

கடித எண்: 2/2025
நாள்: 13 ஜனவரி 2025, திங்கட்கிழமை, போகி
நேரம்: காலை 9.15
இடம்: கள்ளக்குறிச்சி

அன்புத் தம்பி வியாகுலத்துக்கு,

வழக்கம்போல் உன் கடிதத்தில் நாள் இல்லை. வெள்ளையடிக்கும் வாரம் என்பது நாள்காட்டியில் இடம்பெறாத ஒன்று. அஞ்சல் முத்திரையைப் பார்த்து 6 ஜனவரி என்று தலைப்பில் பென்சிலால் குறித்து, உறையோடு சேர்த்துக் கோப்பில் வைத்தேன்.

நேற்றைய அரையிறுதியில் மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றோம். வாழ்த்துகள். வேடியப்பனை உதவிப் பயிற்சியாளர் என்று பட்டியலில் சேர்த்ததில் விதிமீறல் ஏதுமில்லை. விதிப்புத்தகத்தைப் பார்த்துத்தான் சேர்த்தேன். என் காதுக்குக் கருவியின்றி எட்டுகிற குரல் இந்த ஊரிலேயே அவனுடையது ஒன்றுதான். பந்தலிலிருந்து அது வரும்போதெல்லாம் நால்வரும் மேலேறிய அழகை நான் மறுக்கவில்லை.

ஆனால் இதைக் கவனி. இரண்டாம் பாதியில் நம் பின்வரிசை தெற்கே போய்விட்டது. அப்போது நாம் முன்னணியில் இருந்தோம், எதிரணி ஓய்ந்துபோயிருந்தது. குரல் தாமதமாக வந்ததை எவரும் உணரவில்லை. அவன் உன்னை எச்சரித்ததாக நீயே எழுதியிருக்கிறாய். 26 ஜனவரி இறுதிப் போட்டியில் இடைவேளையின்போது அவனுடைய நாற்காலியைத் தெற்கு மூலைக்கு மாற்றிவிடு. நாற்காலி தூக்க ஆள் இல்லையென்றால் நானே தூக்குகிறேன்.

எங்கள் வீட்டு வெல்லம் கொஞ்சம் அனுப்புகிறேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பில் காய்ச்சியது. உன் சர்க்கரை அளவுக்கு நான் பொறுப்பல்ல.

அன்புடன்,
தெ. தெய்வசிகாமணி

இணைப்புகள்:
1. மைதானத்தின் வரைபடம், தெற்கு மூலை சிவப்பு மையில்.
2. பதில் உறை.

---

சின்னசேலம்
புதன்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஊரே காறித் துப்புகிறது. நீங்களும் மைதானத்திலிருந்து என்னிடம் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

நாற்காலியை மாற்றச் சொன்னீர்கள், ஞாபகம் இருந்தது. இடைவேளையில் அவனும் கேட்டான். ஆனால் சிறப்பு விருந்தினர்கள் பந்தலில் இருந்தார்கள். "மலைப் பையன் குரலாலேயே ஆட்டத்தை நடத்துறானாமே, எங்க, நாங்க பக்கத்துல இருந்து பாக்கணும்" என்று ஆசைப்பட்டார்கள். மாவட்ட அணிக்குப் பயிற்சியாளராக என் பெயரைச் சிபாரிசு செய்யப் போகிறவர்கள் அவர்கள்தான். அந்த நேரத்தில் அவனை எழுப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

கடைசிப் பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். எதிரணி பண்ருட்டிக்காரன் பந்தை அடித்த பிறகுதான் "ஊ...ய்" வந்தது. நாலு முட்டாள்களும் பழக்கதோஷத்தில் ஏறினார்கள். அவர்கள் முன்னணி ஆள் தனியாக நின்று, சாமுக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிட்டுப் போனான். ஒரே கோல். கோப்பை போய்விட்டது.

மைதானத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "துட்டு வாங்கிக்கினு கூவிட்டான்டா!" "கால் ஒடஞ்சதே நடிப்புடா!" ஊன்றுகோலைப் பிடுங்கப் போனான் ஒருத்தன். அந்தப் புகாரை விசாரிக்கத் திங்கட்கிழமை கால்பந்துச் சங்கத்தார் கூப்பிட்டு, "வெளியிலிருந்து கத்தச் சொன்னது யார்?" என்று என்னைக் கேட்டார்கள். "யாரும் சொல்லவில்லை" என்று வந்துவிட்டது வாயில். எழுதிக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணே, எனக்கு அறுபத்தெட்டு. இந்த மாவட்டப் பதவியை விட்டால் எனக்கு எதுவும் வராது. வேடியப்பன் எப்படியும் ஒரு வருஷம் ஆடப் போவதில்லை. அவனுக்கு ஐந்து வருஷத் தடை என்று பேசிக்கொள்கிறார்கள், கொஞ்ச நாளில் குறைத்துவிடுவார்கள். பிப்ரவரி 9-ம் தேதி உங்களையும் விசாரிப்பார்கள். உங்களுக்குக் காது கேட்காது என்று ஊருக்கே தெரியும். குரல் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னால் யாரும் பொய் என்று நினைக்க மாட்டார்கள். என்னுடைய பழைய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். நாற்பது வருஷத்தில் உங்களிடம் நான் கேட்கிற ஒன்று.

தம்பி,
வியாகுலம்

---

கடித எண்: 3/2025
நாள்: 10 பிப்ரவரி 2025, திங்கட்கிழமை
நேரம்: காலை 7.05
இடம்: கள்ளக்குறிச்சி

திரு. வியாகுலம் அவர்களுக்கு,

நாளிடப்படாத தங்கள் கடிதம், முத்திரைப்படி 29 ஜனவரி அன்று அஞ்சலிடப்பட்டது, 31 அன்று கிடைத்தது.

5 பிப்ரவரி, புதன்கிழமை, வெள்ளிமலைப் பேருந்தில் சென்று அங்கிருந்து நடந்து வேடியப்பனின் வீட்டை அடைந்தேன். அவனுடைய தாயார் பெரியநாயகி வாசலிலேயே என்னை நிறுத்தினார். "பந்து ஒதைக்கப் போறேன்னு போனான், காலை ஒடச்சிக்கினு வந்தான். இப்ப பேரையும் ஒடச்சிட்டீங்க. இன்னும் இன்னா பாக்கி இருக்குன்னு வந்தீங்க?" என்றார். நான் போகாமல் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அவரே தண்ணீர் கொடுத்தார்.

வேடியப்பன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எனக்குக் கேட்கும் ஒரே குரலுக்குச் சொந்தக்காரன், அன்று உதடு மட்டும் அசையப் பேசினான். அவன் சொன்ன ஒவ்வொன்றையும் தாயார்தான் என் காதருகே வந்து உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பயிற்சியாளர் சொல்லித்தான் கத்தினேன் என்று சங்கத்தாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சாரு பேரு கெட்டுடுங்களே அய்யா. அவருதான என்னைக் கீழ இட்டாந்தாரு. தப்பானா என் தப்புன்னு சொல்லிக்கினுதான கத்தச் சொன்னாரு. அவரே சொல்லுவாருன்னு இருந்தேன்."

இதைத் திருப்பிச் சொல்லி முடித்ததும் பெரியநாயகி, மகனைப் பார்த்துத் தம் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: "இருந்துக்கினே இரு. வந்து சொல்லப்போறாரு உன் சாரு."

அதன் பிறகும் தங்களுக்கு நான்கு நாட்கள் அவகாசம் இருந்தது. தாங்களே சங்கத்துக்குப் போய் எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவீர்கள் என்று 8-ம் தேதி மாலைவரை நானும் இருந்தேன். சின்னசேலத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்ததில், தாங்கள் மாவட்ட அணிக்கான சீருடைக்கு அளவு கொடுக்கப் போயிருந்ததாகத் தெரிந்தது.

9 பிப்ரவரி, ஞாயிறு விசாரணையில், குரல் கேட்டதா என்று என்னைக் கேட்டார்கள். தாங்கள் கூறியவாறே, கேட்கவில்லை என்றேன். அன்று நான் அமர்ந்திருந்த தெற்கு மூலைக்கு அது எட்டவில்லை என்பது உண்மை. அந்த இடத்தில் ஒரு நாற்காலியை எதிர்பார்த்துத்தான் அமர்ந்திருந்தேன் என்றும் சொன்னேன். பிறகு தங்கள் 6 ஜனவரி கடிதத்தையும் அதன் உறையையும் மேசைமேல் வைத்தேன். "நான் சொல்றேன், நீ கத்து" என்ற வரியைத் தலைவர் இருமுறை வாசித்தார். நாளிடாத கடிதத்துக்கு அந்த முத்திரைதான் சாட்சியாயிற்று.

வேடியப்பனுக்குத் தடை இல்லை என்று முடிவாயிற்று. தங்களைப் பற்றிய முடிவு தனியே தெரிவிக்கப்படும்.

இதனால் எவருக்கும் மகிழ்ச்சி இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். செய்தியை அன்றே மலைக்குச் சொல்லியனுப்பினேன். "அய்யா ஏன் அதைக் குடுத்தாரு? சாரே வந்து சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்" என்று இரவே பதில் வந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்வானாம், நடப்பதற்காக. ஆட இறங்கி வரமாட்டானாம். வரும் ஆண்டும் நம் பின்வரிசை கோலுக்கு அருகில்தான் நிற்கும். முதலிலேயே அங்கு நிற்கலாம் என்றுதான் நான் எழுதியிருந்தேன்.

தங்களைத் தம்பி என்று நாற்பது ஆண்டுகள் அழைத்திருக்கிறேன். இக்கடிதத்தில் அச்சொல்லை எழுதப் பலமுறை முயன்றேன், பேனா ஒத்துழைக்கவில்லை.

தெ. தெய்வசிகாமணி

இணைப்புகள்:
1. தங்கள் 6 ஜனவரி கடிதத்தின் படி. மூலமும் உறையும் சங்கத்தின் வசம்.
2. தெற்கு மூலை குறிக்கப்பட்ட வரைபடம், பந்தலில் தங்கள் நாற்காலியின் அடியிலிருந்து எடுத்தது. மடிப்புப் பிரிக்கப்படவில்லை.
3. அணித் தலைவரின் கைப்பட்டை, வேடியப்பன் தங்களிடம் சேர்க்கச் சொன்னது. அவன் தாயார் துவைத்துக் கொடுத்தார்.
4. பதில் உறை: இணைக்கப்படவில்லை.