மைனரின் முன்பாதி

மார்ச் 3, செவ்வாய்

மூன்று பல்செட் முடித்து டாக்டரிடம் கொடுத்தாயிற்று. நாலாவது மெழுகில் இருக்கும்போது அண்ணன் போன் செய்தான். அப்பாவின் பழைய மாரிஸ் மைனர் காரை ஒரு ஹோட்டல்காரர் கேட்கிறாராம். ஓட்டுவதற்கு இல்லை. முன்பாதியை வெட்டி வரவேற்பறையில் மேசையாகப் போடுவார்களாம். ஹெட்லைட் எல்லாம் எரியுமாம்.

"பின்பாதி?"

"பழைய இரும்புக்குப் போகும். வேற என்ன?"

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. அப்பா இருவர் பேரிலும் எழுதி வைத்தது, நான் போடாவிட்டால் நடக்காது.

"பதினோரு வருஷமா உன் கொட்டகையிலதான் கிடக்குது. என்ன கிழிச்ச? இப்ப என்ன, அதுக்கும் பொய்ப்பல் கட்டப் போறியா?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். பிறகு பெருந்தன்மை வந்துவிட்டது. "சரி, மே முப்பத்தொண்ணு வரைக்கும் டைம். தன் சக்கரத்துல ஓடி வந்து என் வாசல்ல நிக்கட்டும், உனக்கே எழுதித் தரேன். இல்லன்னா நீ கையெழுத்துப் போடணும்."

சரி என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு என்ன கேடு?

மார்ச் 8, ஞாயிறு

தார்ப்பாயை எடுத்தேன். பின் சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. டிரைவர் காலடியில் தகடு துருப்பிடித்து உதிர்ந்து, கீழே தரை தெரிகிறது. நாலு டயரும் சப்பை. பிரேக் மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி. இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்க முன்னால் ஹேண்டிலைச் செருகித் தொங்கினேன். தொங்கியதுதான் மிச்சம்.

அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். சுற்றி வந்தார். "இன்ஜின் இறுகிப்போச்சும்மா. ஹோட்டல்காரன் கேட்டா குடுத்துடுங்க. உங்களால ஆகாது."

அந்த "ஆகாது" யாருக்கு? வண்டிக்கா, எனக்கா?

மார்ச் 15, ஞாயிறு

பிளக்குகளைக் கழற்றி நாலு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினேன். ஊறட்டும்.

மார்ச் 24

அசையவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அசையவில்லை. இடுப்புதான் அசைந்துவிட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

அசைந்தது!

கால் சுற்றுதான். ஹேண்டிலில் ஏறி நின்றே விட்டேன், சறுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். ஆனால் அசைந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "தகடு வெல்டிங் வைக்கணும்னா சனிக்கிழமை வரேன்" என்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கார்புரேட்டரைப் பிரித்தேன். உள்ளே பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. பல்செட்டுக்கு மெழுகு செதுக்கும் கத்தியால் சுரண்டி, சின்ன பிரஷ்ஷால் துளை துளையாகச் சுத்தம் செய்தேன். மெக்கானிக் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அண்ணி வந்தார். "உங்க அண்ணன் அனுப்பல. நானாத்தான் வந்தேன்" என்று கேட்காமலே சொன்னார். டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எதையும் தொடவில்லை.

அப்பா இந்த வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் அண்ணனை ஸ்பேனர் பிடிக்கச் சொல்வார், என்னை டார்ச் பிடிக்கச் சொல்வார். அவனுக்குப் பதினாலு வயதில் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். எனக்குக் கடைசி வரை பின் சீட்டுதான். இருக்கட்டும். டார்ச் பிடித்த எனக்கு எந்த நட்டு எங்கே என்று தெரிகிறது. அவனுக்கு பானெட் எப்படித் திறப்பது என்றாவது நினைவிருக்குமா?

மே 3, ஞாயிறு

எரிஞ்சுபோச்சு. ஐயோ, எல்லாம் எரிஞ்சுபோச்சு.

இன்ஜின் ஓடிச்சு. நிஜமா ஓடிச்சு — ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் — நான் அழுதுகிட்டே நிக்கறேன், அப்பதான் புகை. ஒயரெல்லாம் உருகி ஒழுகுது.

இந்த வண்டிக்கு பேட்டரியோட பிளஸ்ஸைத்தான் பாடியில இணைக்கணும். வண்டியோட வந்த புத்தகத்துல இருக்கு. சொன்னேனே! மெக்கானிக்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். "முப்பது வருஷமா பேட்டரி மாட்டறேம்மா, எனக்குத் தெரியாதா?"ன்னு மைனஸ்ஸை பாடியில மாட்டினார். நான் வாயை மூடிக்கிட்டேன். ஏன் மூடினேன்? அவர் மேல இருக்கற கோபத்தைவிட என் மேலதான் இருக்கு.

மே 4, திங்கள்

எப்படியோ அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. "வீட்டையே கொளுத்திடப் போற. போதும், விடு."

விட மாட்டேன். இருபத்தேழு நாள் இருக்கிறது.

மே 17, ஞாயிறு

புத்தகத்தின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராக நானே புதிதாக இழுத்தேன். தினமும் வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம். பாதியில் மெக்கானிக் வாசலில் வந்து நின்றார். கையில் டைனமோவின் கட்அவுட், பேட்டரிக்கு மின்சாரத்தை விடும் சின்னப் பெட்டி; எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"பிளஸ் எதுலம்மா?" என்றார்.

"பாடில."

"சரி."

மே 23, சனி

பிரேக் வேலை முடிந்தது, நாலு டயரும் மாற்றியாயிற்று. முழங்கை வரை கிரீஸ். மதியம் ஒரு பாட்டி பல்செட் அளவுக்கு வந்து என் நகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்க மறுத்துவிட்டார்.

மே 28, வியாழன்

வாகன ஆய்வாளர் மூன்று முறை பிரேக் போடச் சொன்னார். மூன்று முறையும் நேராக நின்றது. "வீட்டுக்காரர் ஓட்டலையா?" என்றார். "வீட்டுக்காரர் இல்ல. வண்டிக்காரி நான்தான்" என்றேன். ஓட்டத் தகுதிச் சான்றிதழ் கையில்.

மே 31, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

காலை ஒன்பதுக்குக் கிளம்பினேன். மெக்கானிக் பக்கத்தில் உட்காரவா என்றார். வேண்டாம் என்றேன். வண்டி முழுக்க நின்றால்தான் முதல் கியர் விழும். மேட்டில் ஒரு பஸ் எனக்கு முன்னால் நின்றுவிட்டது, நானும் நின்றேன், பின்னால் ஆளாளுக்கு ஹாரன். அடிங்கடா என்று நினைத்துக்கொண்டு நிதானமாக முதல் கியரைப் போட்டு ஏறினேன்.

அண்ணன் வாசலில் லாரி. மேலே சங்கிலி, பக்கத்தில் ஹோட்டல்காரர். நான் வருவேன் என்று ஒரு நிமிடம்கூட நம்பவில்லை, வண்டியைத் தூக்கிவர என் கொட்டகைக்கு அனுப்பத்தான் லாரியை வரவழைத்திருக்கிறான். லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தான். பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். சூடு.

"ஓடுது. சரி. ஆனா எழுதித் தர முடியாது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

எனக்கும்தானே வாக்குக் கொடுத்தாய்? கத்துவேன் என்று நானே பயந்தேன். கத்தவில்லை.

"எழுதித் தராதே. அப்பா ரெண்டு பேருக்கும்தான் குடுத்தாரு. உன் கையெழுத்து இல்லாம எனக்கு முழுசா வராது, என் கையெழுத்து இல்லாம இவர் ரம்பத்தை வைக்க முடியாது. உன் பாதி எதுன்னு மட்டும் சொல்லு, கழுவித் துடைச்சு வைக்கறேன். ஓட்டறது நான்."

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். ஹோட்டல்காரர் அண்ணனைப் பார்த்து, "வீட்டுச் சண்டையில இருக்கற பொருள் நமக்கு வேணாம் சார்" என்று லாரியைத் திருப்பச் சொன்னார்.

அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். திரும்பும்போது பஸ் எதுவும் குறுக்கே வரவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

வேலைக்கு மைனரில் போனேன். டாக்டர் நோயாளியை நாற்காலியில் விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

ஜூன் 21, ஞாயிறு

அண்ணன் இன்னும் பேசவில்லை. கையெழுத்தும் வரவில்லை.

அண்ணி வந்தார், நடந்தே. "எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுப்பியா?" என்றார். ஓட்டப் பழகுவதற்கான லைசென்ஸ் பையில் தயாராக இருந்தது. ஆனால் அவர் கேட்ட விதம் ஏதோ தப்பு செய்கிறவரைப்போல் இருந்தது.

காலி மைதானத்தில் ஆறு முறை இன்ஜினை அணைய விட்டுவிட்டார். ஏழாவது முறை வண்டி நகர்ந்தது. கியர் கரகரவென்று கத்தியது. ஒரு மணி நேரம் கழித்து, "எங்க தெரு வழியாப் போலாமா?" என்றார்.

போனோம். அண்ணன் மாடி ஜன்னலில் நின்றிருந்தான். நான் பார்த்தேன். அண்ணி நிமிர்ந்தே பார்க்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.