கேட்காமல் போன பதில்

இன்று காலை உன் போன் ஒலித்தது. என் ரிக் ஆபீஸ் மேசையின் இழுப்பறையில்தான் அதை வைத்திருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. நீ எப்போதோ போட்டு வைத்த நினைவூட்டல் அது. "சனிக்கிழமை போட்டி. பேனா ரெண்டு எடுக்கணும்" என்று திரையில் எழுத்து வந்து நின்றது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. போன் மட்டும் வாரம் தவறாமல் உன்னைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தி வைக்க எனக்குக் கை வரவில்லை.

கல்லூரியில் நாம் இருவரும் ஒரே விவாத அணியில் நின்று பேசியவர்கள். பிறகு நீ நாமக்கல்லில் அச்சகம் வைத்தாய். நான் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போனேன். பன்னிரண்டு வருடம் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றுவிட்டு, திருச்செங்கோட்டில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்தபோது நீதான் வந்து கூப்பிட்டாய். "சனிக்கெழம சும்மாதான மாப்ள உக்காந்திருக்கற? வா, புள்ளைங்க பேசறதக் கேட்டுட்டு வரலாம்."

அப்படித்தான் நாம் நடுவர்கள் ஆனோம். எருமப்பட்டி, ஆட்டையாம்பட்டி, எடப்பாடி என்று எந்தப் பள்ளியில் விவாதப் போட்டி என்றாலும் உன் பழைய ஆம்னி வண்டி கிளம்பிவிடும். மேசையின் இடது கோடி உனக்கு, வலது கோடி எனக்கு. நடுவில் அந்தந்த ஊரிலிருந்து ஒருவர். உட்கார்ந்ததும் நீ போனைக் கவிழ்த்து வைத்துப் பதிவு செய்ய ஆரம்பிப்பாய். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "தீர்ப்பு சொல்லிட்டு வந்துடறோம். ஊட்டுல போயி ஒருக்கா கேட்டுப் பாக்கறேன். தப்புப் பண்ணியிருந்தா எனக்காவது தெரியணுமில்ல?" என்றாய். நான் சிரித்தேன்.

எடப்பாடிப் பள்ளியின் அந்த மதியத்துக்கு வருகிறேன். நீயும் நானும் சேர்ந்து உட்கார்ந்த கடைசி மேசை அது. இறுதிச் சுற்று. ஆழ்துளைக் கிணறுகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்று பேசிய அணிக்குத் தலைவி பதினோராம் வகுப்புப் பெண், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நன்றாகவே பேசினாள். கடைசியில் நடுவர் கேள்வி. நீ கேட்டாய்: "போர் போடாம இருந்தா உங்க ஊட்டுல தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?"

அவள் மைக்கை விட்டு விலகி, மேடையின் இடது ஓரத்துக்கு வந்து உன் பக்கம் திரும்பி நின்றாள். எனக்கு அவளுடைய பின்னல் மட்டும்தான் தெரிந்தது. என் வலப்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்தவர் தலைகுனிந்து கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார். பின்வரிசையில் பிள்ளைகள் நாற்காலிகளை இழுத்து அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பெண் அரை நிமிடம், முக்கால் நிமிடம் அசையாமல் நின்றாள். பிறகு போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படித்தான் நான் பார்த்தேன்.

அந்தப் பதிலுக்கு நான் பூஜ்யம் போட்டேன். நடுவில் இருந்தவர் என் தாளைப் பார்த்து அதையே போட்டார். நீ முழு மதிப்பெண் போட்டிருந்தாய். இரண்டுக்கு ஒன்று என்று அவள் அணி தோற்றது. தீர்ப்பைச் சொன்னவன் நான். "கேட்ட கேள்விக்கு வாயத் திறக்காம நின்னாங்க. மேடையில மௌனத்துக்கு மார்க் கிடையாது" என்று மைக்கில் சொன்னேன். கைதட்டல் கிடைத்தது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

திரும்பும் வழியில் சங்ககிரியில் டீக்கு நிறுத்தினாய்.

"அந்தப் புள்ள பேசுச்சுடா."

"பேசல. நான் பாத்துட்டேதான இருந்தேன்?"

"நான் கேட்டேன் மாப்ள."

"உனக்கு மட்டும் கேக்கறதுக்கு அது என்ன பேயா?"

நீ டீயைக் கீழே வைத்தாய். "ரிக்குக்காரன் காதுல அது உழுகாதுதான்" என்றாய். தொழிலைச் சொல்லிக் குத்திவிட்டாய் என்று எனக்குக் கொதித்தது. திருச்செங்கோட்டில் இறங்கும்போது உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஏழு வாரம் பேசவில்லை. எட்டாவது வாரம் நீ அச்சகத்தில் நின்றபடியே சரிந்துவிட்டாய் என்று செய்தி வந்தது.

போன மாசி மாதம் உன் மனைவி போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதுல பூராவும் பேச்சாவே இருக்குதுங்கண்ணா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள்.

பட்டப்பகலில், ஆபீசில் யாரும் இல்லாத நேரத்தில், இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு எடப்பாடிப் பதிவைத் திறந்தேன். உன்னைத் தோற்கடிக்கத்தான் திறந்தேன். செத்துப்போனவனிடமும் வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

உன் கேள்வி வந்தது. தறிச் சத்தம் வந்தது. அதற்கு மேல், தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக ஒரு பெண் பேச ஆரம்பித்தாள்.

"எங்க ஊட்டுலயும் போர் இருக்குதுங்க ஐயா. தண்ணி வரலைங்க, காத்துதான் வருது. குழாயத் தெறந்தா உள்ள இருந்து யாரோ மூச்சு உடற மாதிரியே இருக்கும். இன்னும் ஆழமாப் போட்டா எங்களுக்குத் தண்ணி வரும், பக்கத்து ஊட்டுக்கு அந்தக் காத்து போயிரும். அதனால வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. கொடத்துலதானுங்க கொண்டாரோம்."

பிறகு உன் குரல், போனுக்கு மிக அருகில்: "நல்லாச் சொன்ன சாமி."

கண்ணால் பார்த்த ஒரு மௌனத்துக்குள்ளிருந்து குரல் வருகிறது. வலது காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினேன். உடனே எல்லாம் நின்றுவிட்டது. தறி இல்லை, நீ இல்லை. பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சில நிமிடம் கழித்து மறுபடி வலது காதில் வைத்தேன். என் குரலே பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "மேடையில மௌனத்துக்கு மார்க் கிடையாது."

இடது காதில் மாட்டியிருந்தது மாட்டியபடியே இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

சேலத்து டாக்டர் சோதித்துவிட்டு, எப்போதும் கம்ப்ரசர் பக்கமாகவே இருந்த அந்த இடது காது, அதன் சத்தத்தில் எப்போதோ அடங்கிவிட்டது என்றார். சிறுகச் சிறுகப் போனதால் எனக்கே தெரியவில்லையாம். இத்தனை வருடத்தில் என் இடப்பக்கம் நின்று எத்தனை பிள்ளைகள் பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரரின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

பள்ளியின் தமிழாசிரியையிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். எடப்பாடியைத் தாண்டி ஒரு சிற்றூர். அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா தறியில் இருந்தார். நான் யாரென்று சொன்னதும் அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"அன்னிக்கு நீ பேசினம்மா. எனக்குத்தான் கேக்கல" என்றேன்.

"இல்லைங்க சார். நான் பேசல. சும்மாதான் நின்னேன்."

"பதில் சொன்னயே?"

"மனசுக்குள்ளதான் சொன்னேனுங்க. வெளிய வரல."

வாதாடவில்லை அவள். நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அம்மா குறுக்கே பேசினார். "அன்னிலருந்து இப்படித்தானுங்க. கூப்புட்டா பதிலே வராது. கேட்டா, நான் சொன்னேனேங்குது. சொன்னனா சொல்லலயான்னு அதுக்கே தெரிய மாட்டேங்குதுங்க."

தறியை நிறுத்தச் சொன்னேன். நின்றதும் வீடே காலியானது போலிருந்தது. போனை அவள் கையில் கொடுத்துப் பதிவை ஓடவிட்டேன். நீ கேள்வி கேட்டாய். அவள் குரல் வந்தது.

"இது யாருங்க சார்?" என்றாள்.

காத்துதான் வருது என்ற இடத்தில் அவளுடைய உதடுகள் அசையத் தொடங்கின. சத்தமே இல்லை. போனிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு சரியாகப் பொருந்தி அசைந்தது. உடம்பு இங்கேயும் குரல் எங்கேயோவும் இத்தனை நாள் தனித்தனியே இருந்ததுபோல. எனக்குப் பார்க்க முடியவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நீ "நல்லாச் சொன்ன சாமி" என்றதும் அவள் நிமிர்ந்தாள்.

"அந்த ஐயா இப்ப எங்க இருக்காங்க?"

சொன்னேன். போனை முந்தியைவிட மெதுவாக, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சுக்க சாமி" என்றேன்.

அப்போது அவளுக்குக் குரல் வந்தது. மெல்லியதுதான், ஆனால் நடுக்கமில்லை. "ஸ்கூல்ல எல்லாரும் இருக்கறப்ப மைக்குல சொன்னீங்க. இப்ப ஊட்டுக்கு வந்து எங்கிட்ட மட்டும் சொல்றீங்களே சார்."

நாம் உட்கார்ந்த அத்தனை மேசைகளிலும் இதைவிடச் சரியான வாதத்தை நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அனுமதியோடு ஏறி நின்றேன். என் காதைப் பற்றிச் சொன்னேன். தீர்ப்பு தவறு என்று சொன்னேன். பிறகு அவளை மேடைக்குக் கூப்பிட்டேன். பதிவைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மைக் முன்னால் வந்து, அந்தப் பதிலை முதலிலிருந்து தானே சொன்னாள். பிள்ளைகள் இரைச்சலில்லாமல் நின்றார்கள். இந்த ஆண்டு மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாளாம். தமிழாசிரியை சொன்னார்.

நான் நடுவராகப் போவதை விடவில்லை. காதுக்குக் கருவி வாங்கிக்கொண்டேன். எல்லாம் கேட்கிறது, வேண்டாததும் கேட்கிறது. ஆனால் ஒன்று மட்டும் விட மாட்டேன் என்கிறது. ஒரு பிள்ளை பேசாமல் நின்றால் அது உண்மையான மௌனம்தானா என்று நம்ப முடிவதில்லை. என்னையறியாமல் இடப்பக்கம் திரும்பி, "என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுவிடுகிறேன். அங்கே உட்கார்ந்திருப்பவர் யாரோ ஓர் ஊர் ஆசிரியர். விழித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் சொல்லலைங்களே" என்பார்.

சொன்னவர் கண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பிறகு மேடையைப் பார்த்து, "எனக்குக் கேக்கல சாமி, இன்னொருக்கா சொல்லு" என்கிறேன்.