பட்டு வேட்டியின் மறுபாதி

செல்லூர், மதுரை
18-2-1999

சௌபாக்கியவதி காவ்யஸ்ரீக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் இன்று காலையிலிருந்துதான் இங்கே எல்லோரும் நலம் என்று எழுத முடிகிறது, நேற்று உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தை என் பேனாவில் வந்திருக்காது. நீயும் மாப்பிள்ளை ராஜகுருவும் உன் வயிற்றில் இருக்கும் செல்லமும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பூத்தில் நின்று நான் போட்ட கூச்சலில் நீ நடுங்கிப் போயிருப்பாய். பார்சலை வீட்டுக்கு வெளியே வை, உடனே வை என்று கத்தினேனே ஒழிய, ஏன் என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. பூத்துக்காரர் வேறு, "அண்ணே, நீங்க போடுற சத்தத்துக்கு அமெரிக்காவுக்குப் போனே வேணாம்ணே" என்று கேலி செய்தார், எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

நடந்தது இதுதான். உன் அக்கா ஹம்சவேணியின் பிள்ளைக்கு விஜய்ஆனந்த் என்று பெயர் வைத்துத் தொட்டிலில் போட்ட அன்று, நம் வீட்டு வழக்கப்படி தாத்தாவின் கல்யாணப் பட்டில்தான் முதலில் கிடத்த வேண்டும் என்று அம்மா பீரோவிலிருந்து என் பட்டு வேட்டியை எடுத்து, நடுவில் கிழித்து, ஒரு பாதியை அவனுக்குப் போட்டாள். மறுபாதியைத்தான் உன் பிள்ளைக்கென்று மாப்பிள்ளையின் நண்பரிடம் கொடுத்தனுப்பினோம். இத்தனை வருஷமாகியும் ஒரு பூச்சி தொடவில்லை பார் என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். மடிப்புக்கு மடிப்பு அம்மா போட்டு வைத்திருந்த பாச்சா உருண்டைதான் அதற்குக் காரணம். அந்தத் துணியிலேயே பிள்ளை ராப்பகலாகக் கிடந்தான். மெல்ல மஞ்சள் பூத்தான், பிறந்த குழந்தைக்குச் சகஜம்தானே என்று வெயிலில் காட்டினோம். அப்புறம் பால் குடிப்பதை நிறுத்திவிட்டான், நனைத்த துணியைப் பார்த்தால் காப்பி டிகாஷன் நிறம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் உன் அக்கா அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குழந்தை டாக்டரம்மா அந்தப் பட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது மலேரியா மாத்திரை சாப்பிட்டுச் சிறுநீர் கறுத்துப் போனதுண்டா என்று கேட்டார். எனக்குத்தான், ராமேஸ்வரம் போய் வந்த காய்ச்சலில், காமாலை என்று கீழாநெல்லி தின்று சரி பண்ணினேன் என்றேன், ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே. அவர் என் கையை இறக்கி விட்டார். உங்கள் ரத்தம் வேண்டாம், முதலில் சோதிக்க வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் ஊசியைக் கண்டாலே மயங்குகிற உன் அம்மாவின் ரத்தம்தான் பேரனுக்கு ஏறியது, அதை இனி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். இன்று காலைதான் பிள்ளை மறுபடி பால் குடித்தான்.

சோதனையில் என் குறைதான் பிள்ளைக்கும் என்று வந்துவிட்டது. ரத்த அணுவைக் காக்கிற ஒரு சத்து எங்களுக்குக் குறைவாம், ஜி6பிடி என்று பெயர். சும்மா இருக்கும்வரை ஒன்றும் செய்யாது, இந்த உருண்டை, சில மாத்திரைகள் பட்டால் ரத்தம் உடைந்துவிடுமாம். அப்பாவுக்கு இருந்தால் மகள்கள் எல்லோரும் அதைச் சுமப்பார்களாம், அவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவில்லையாம், பெறுகிற பையனுக்குத்தான் வரலாம், வராமலும் போகலாம். ஆக, கண்ணே, உன்னிடம் அது நிச்சயம் இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டு முத்துத்தாயின் பையன், அவனுக்கும் இதே நோய். "எங்க வீட்லயும் அதே உருண்டைதாண்ணே, பட்டு இல்ல, மாமனாரு பழைய வேட்டி, அம்புட்டுதான் வித்தியாசம்" என்று அழுதாள். நாம் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்கள், வீட்டில் வேறு பாஷை, கொண்டு கொடுத்ததில்லை, நம் ரத்தக் குறை இவர்களிடம் எப்படி என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். உங்களிடமிருந்து போகவில்லை, இரண்டு பக்கமும் தனித்தனியாக வந்திருக்கும் என்றார். ஒரே பாவில் ஒருவருக்கு இங்கே இழை அறுந்திருக்கும், இன்னொருவருக்கு அங்கே, துணி பாழாவது மட்டும் ஒரே மாதிரி என்று நம் தறியை வைத்துப் புரிந்துகொண்டேன். கிரேக்க நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் சீனாவிலும்கூட இப்படியே, இழை அறுந்த இடம் வேறு, குறை ஒன்றாம். இங்கே சரியாக எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்க்க இரண்டு பிள்ளைகளின் ரத்தத்தையும் வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. மலேரியா ஊர் ஊராகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலத்தில், இந்தக் குறை உள்ள ரத்தத்தில் அந்தக் கிருமியால் செழிக்க முடியவில்லையாம். பிழைத்தவர்கள் பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளும் பிழைத்தன. ஒருவரையொருவர் கண்ணால் பார்த்திராத ஜனங்களை ஒரே காய்ச்சல் ஒரே விதமாகப் பொறுக்கி எடுத்திருக்கிறது. நம் முன்னோரைக் காப்பாற்றியதுதான் என் பேரனைக் கொல்லப் பார்த்தது என்றால் நான் யாரைத் திட்டுவது?

அங்குள்ள டாக்டர்கள் நீ கேட்டால்தான் இந்தச் சோதனை செய்வார்களாம். டாக்டரம்மாவிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், பிரசவத்துக்குப் போகும்போதே கொடுத்துவிடு, வெட்கப்படாதே. வேட்டியை வெயிலில் உலர்த்தினால் போதாதா என்று அம்மா இன்னும் முனகுகிறாள், அவள் பேச்சைக் கேட்காதே. இங்கிருந்த பாதியை மாடியில் வைத்துக் கொளுத்திவிட்டேன், உன்னிடம் உள்ளதையும் தூக்கிப் போடு. பிள்ளைக்குப் புதுத் துணி வாங்கி அலசிப் போடு. என்னிடமிருந்து அவனுக்கு வரக்கூடியது ஏற்கெனவே உன்னிடம் வந்துவிட்டது, அது போதும்.

மீனாட்சி துணையிருந்து நீ சுகமாகப் பெற்றெடுத்துத் தீர்க்காயுளோடு இருக்க வேண்டும். பிறந்ததும் எந்நேரமானாலும் போன் செய்யச் சொல். ஆணா பெண்ணா, என்ன நட்சத்திரம், யார் ஜாடை எல்லாம் அம்மா கேட்பாள், அவளிடம் அப்புறம் சொல்லலாம். முதலில் போனை என்னிடம் கொடுக்கச் சொல். ரத்தம் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு அவளிடம் தந்துவிடுகிறேன்.

அன்புள்ள அப்பா,
லட்சுமிநாராயணன்