உன் பெயரை ஏன் தேடினேன்

பெர்கன்,
டிசம்பர், செவ்வாய் மாலை.

அன்புள்ள ஸ்டைனார்,

இங்கே நான் நலம். மழை விடவில்லை. கூடத்து ஜன்னலோரம் கசிந்துகொண்டிருந்த இடத்தை அப்பா வந்து அடைத்துவிட்டார். வியாழக்கிழமை உங்கள் கப்பலுக்குப் பணி மாற்றத்தில் வரும் சமையல்காரி ஒட்னியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்து, ஆழ்கடல் வேலைக்காக நீங்கள் வாரக்கணக்கில் அடைந்துகிடக்கும் அழுத்த அறையின் சின்னக் கதவு வழியாக உள்ளே தள்ளிவிடுகிறேன் என்றாள். படுக்கைத் திரையை இழுத்துவிட்டுத் தனியாகப் படி.

தொலைபேசியில் இதைப் பேச முடியாது. அந்த ஹீலியம் காற்றில் உன் குரல் வாத்துக் குரலாக வருகிறது. நீ கோபமாகப் பேசும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, பிறகு சிரித்ததற்காக அழுகை வருகிறது. மேலும், அந்த இரும்பு உருளைக்குள் உன்னோடு இருக்கும் மற்ற ஐந்து பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

முதலில் நீ கோபப்பட்ட விஷயம். இந்த வருட வரிப் பட்டியல் வெளியானதும் உன் வருமானத்தைத் தேடிப் பார்த்தது நான்தான். நம் நாட்டில் யாரும் யாருடையதையும் பார்க்கலாம். பார்த்தவரின் பெயர் பார்க்கப்பட்டவருக்குப் போய்விடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் அது நினைவில் இல்லை. உன்னோடு முக்குளிக்கும் சீவெர்ட் அந்த அறிவிப்பை உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "பெண்டாட்டியே உளவு பாக்குறாளேடா, வேற எந்த வீட்டுக்குச் சம்பளம் போகுதுன்னு சந்தேகமோ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னானாம். நீ என்னிடம் "கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, என்ன துரீ, பொறாமையா?" என்றாய். அந்தச் சொல் மூன்று நாளாக என்னோடு வேலைக்கு வந்து, என்னோடு வீடு திரும்புகிறது.

பொறாமை என்று நினைக்க உனக்குக் காரணம் உண்டு. என் அப்பாவே அதற்கு எண்ணெய் ஊற்றுகிறார். போன ஞாயிறு வாஃபிள் சாப்பிடும்போதும் அதே பாட்டுதான்: "பள்ளி முடிச்சதும் எங்கூடக் குழாய் வேலைக்கு வாடின்னேன், கேட்டியா? டாக்டருக்குப் படிச்ச, அதுக்கு மேலயும் படிச்ச. இப்ப ஆஸ்பத்திரியில உக்காந்து மண்டைக்குள்ள படம் பாக்குற. உன் புருஷன் கடலுக்கடியில குழாய் ஒட்டியே உன்னை மாதிரி ரெண்டு டாக்டருக்குச் சம்பளம் குடுப்பான்." நான் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி, "ஜாம் போட்டுக்குங்கப்பா, வாய் மூடும்" என்றேன். அவர் சொன்னது சரிதான். உன் வருமானம் என்னுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பார்த்தேன், தெரிந்துகொண்டேன், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

நான் தேடியது வேறு காரணத்துக்காக. நீ இனி ஒருநாளும் கடலில் இறங்கவில்லை என்றால் நமக்கு எவ்வளவு குறையும், என் சம்பளத்தில் மட்டும் வீட்டுக் கடனைக் கட்ட முடியுமா என்று பார்த்தேன். நம் கணக்குகள் தனித்தனி. உன்னைக் கேட்டால் ஏன் என்பாய். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது சொல்கிறேன். கோடையில் படகைக் கட்டும்போது, உன் கை கண்ணை மூடிக்கொண்டு போடும் முடிச்சு அது, கயிற்றைப் பிடித்தபடி நின்றாய். நான் திரும்பிக்கொண்டேன், நீ வெட்கப்படக் கூடாது என்று. அக்டோபரில் நம் தெருவைத் தாண்டி வண்டி ஓட்டிப் போனாய், "பேச்சு சுவாரஸ்யம்" என்று சிரித்தாய். நாம் அப்போது ஒன்றும் பேசிக்கொண்டிருக்கவில்லை. போன வாரம் ஒரே அழைப்பில், என் அம்மாவின் அறுவை சிகிச்சை எப்படி நடந்தது என்று இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் பதில் சொன்னேன்.

நான் நாள் முழுக்கப் பார்ப்பது ஓய்வுபெற்ற முக்குளிப்பவர்களின் மூளைப் படங்கள். பல வருடம் ஆழத்தில் இருந்தவர்களின் மூளையில் வரும் சேதம் எல்லோருக்கும் வருவதில்லை, அதை நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லித் தேற்றுவேன். ஆனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்தையும் திறப்பதற்கு முன் பெயரைப் பார்க்காமல் சுட்டியை அழுத்த முடிவதில்லை. உன் பெயர் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் பார்க்கிறேன்.

வருடாந்தரப் பரிசோதனையில் இதைச் சொன்னாயா என்று கேட்டபோது நீ சொன்னது: "மறதி உண்டான்னு கேட்டாங்க, இல்லைன்னேன். முக்குளிக்கிற சான்றிதழ் போச்சுன்னா நான் யாரு துரீ? உன் சம்பளத்துல உக்காந்து சாப்பிடுற ஆளா?" அன்று அப்பாவின் கேலிகள் எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. இந்த வேலையை நிறுத்து என்று நான் எப்படிச் சொன்னாலும், குறைவாகச் சம்பாதிக்கிறவள் சொல்வதாகத்தானே கேட்கும்?

உனக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கு உழைப்புக்கு, ஒரு பங்கு திறமைக்கு. மீதிப் பங்கு உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நினைவுக்கான விலை என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்குக் குறைவாகத் தருகிறார்கள், ஆனால் என்னிடமிருந்து எதையும் எடுப்பதில்லை. படகை விற்றால் வீடு நிற்கும். அதைத்தான் கணக்குப் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நீ தண்ணீரில் நிற்கும்போது உங்களைக் கடலடிக்கு இறக்கும் கூண்டில் உட்கார்ந்து, உனக்குக் காற்று வரும் குழாயைப் பார்த்துக்கொள்பவன் சீவெர்ட். நீ அங்கே கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டால், உன்னை இழுத்துவர இருட்டுக்குள் இறங்குபவனும் அவன்தான். உன்னைக் கேலி செய்கிற அந்த மனிதனுக்கு உன் மறதி தெரியாது. எனக்கும் உனக்கும் மட்டும் தெரியும்.

கடல் கொந்தளிப்பால் சனிக்கிழமை வரை கூண்டு இறங்காது என்று ஒட்னி சொன்னாள். அதனால் வெள்ளி மாலை வரை காத்திருக்கிறேன். கப்பல் மருத்துவரிடம் நீயே சொல்லிவிடு. "எனக்கு மறக்குது" என்றால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். மாலைக்குள் நீ சொல்லவில்லை என்றால் நான் அவரை அழைத்துச் சொல்வேன். உன் சான்றிதழ் என் வாயால் போகும். அதை நீ மன்னிப்பாயா என்று தெரியவில்லை. அழுத்தம் இறங்கி நீ வெளியே வர எத்தனை நாளானாலும், துறைமுகத்தில் நிற்பேன். என்னைப் பார்க்காமல் நடந்துபோனாலும் வண்டியில் பின்னால் வருவேன்.

நீயே சொல்லிவிடு, ஸ்டைனார். நான் அந்தத் தொலைபேசியை எடுக்கும்படி செய்யாதே.

நீ என்மேல் கோபமாக, என் பெயர் மறக்காமல், பல காலம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

துரீ