மூன்றரை மணிப் பந்தி

அன்புள்ள மகன் செல்வினுக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அவளுடைய முழங்கால் வலியும் என்னுடைய சர்க்கரையும் குடும்பத்து ஆட்கள் மாதிரி கூடவே இருக்கின்றன. நீயும் கப்பலில் ரோட்டர்டாம் துறைமுகத்துக் குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். மாடித் தண்ணீர்த் தொட்டியை மாற்றியாயிற்று. மணப்பாட்டுச் சித்தி கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறாள், உனக்கு அனுப்ப வழி உண்டா என்று கேட்கிறாள், விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரரை நினைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவும் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். ஜெனிஸ் பதினொரு நாளாக ஏன் போனை எடுக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய், அவள் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில் மாதக் கடைசி வேலை இருக்கும் என்றேன். அதற்கு முந்தின வாரம், கோயில் அசனத்தில், ஊரெல்லாம் சேர்ந்து சாப்பிடும் பந்தியில், ஜெனிஸ் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டாய், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றேன். இரண்டும் பொய். முப்பத்துநான்கு வருடம் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், நடந்ததை நடந்தபடி சொல்ல இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

அசனத்துக்கு முந்திய ஒன்பது நாள் நவநாள் செபத்தில் பைபிளின் பின்னணியைப் பற்றிப் பேசும்படி பங்குச்சாமி என்னைக் கேட்டது உனக்குத் தெரியும். இரண்டாம் நாள், கிரேக்க நாட்டுக் கொரிந்து ஊரில் இருந்த ஆதிக் கிறிஸ்தவச் சபையின் விருந்தைப் பற்றிப் பேசினேன். அன்றைக்குச் சபை என்றால் கோயில் கட்டடம் கிடையாது, வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ரோமர் கட்டிய அந்த வீடுகளில் சாய்ந்துகொண்டு சாப்பிடும் அறையில் ஒன்பது பேருக்கு மேல் இடமில்லை, மற்றவர்களுக்கு முற்றம்தான். யார் எங்கே உட்காருவது, யாருக்கு நல்ல ஒயின், யாருக்குப் புளித்த ஒயின் என்பதெல்லாம் அந்தஸ்துப்படி நடக்கும், அதில் அந்தக் காலத்தில் யாருக்கும் வெட்கம் கிடையாது, எல்லாரையும் ஒரே மாதிரி உட்கார வைப்பதுதான் அவர்களுக்கு வெட்கம். கூலிக்காரரும் அடிமைகளும் எசமான் வேலை முடித்து வந்து சேர்வதற்குள் பாத்திரம் காலியாகிவிடும். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சபைமேல் கோபப்பட்டது இதற்காகத்தான், நற்கருணை வாங்கத் தகுதி வேண்டும் என்று அவர் எழுதியதைப் பாவசங்கீர்த்தனத்தோடு மட்டும் சேர்த்துப் படித்துப் பழகிவிட்டோம், அவர் மனதில் இருந்தது பிந்தி வந்தவர்களின் வெறும் தட்டு என்று முடித்தேன். நல்ல கைதட்டல். சாமியார் என் தோளைத் தொட்டு, சார் கண்ணைத் திறந்துட்டீங்க என்றார். கடைசி வரிசையில் இருந்த ஜெனிஸின் அம்மா பேபி எழுந்து, சார், அந்தப் பிந்தி வந்த சனங்க என்ன செஞ்சாங்க, சாப்பிடாம வீட்டுக்குப் போயிட்டாங்களா, இல்ல நின்னு சண்ட போட்டாங்களா என்று கேட்டாள். அவர்கள் குரல் வரலாற்றில் பதிவாகவில்லை அம்மா என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

நீ கேட்டுக்கொண்டது சின்ன விஷயம். அசனத்தன்று நீங்களும் அம்மாவும் அவங்க பக்கத்தில உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கப்பா, நம்ம வீடு சம்மதிச்சிட்டுன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும், வேற பேச்சே வேண்டாம் என்றாய். சரி என்றேன். அதற்குப் பிறகுதான் அசனக் கமிட்டி கூடியது. வெயில் அதிகம், முக்கியப்பட்டவர்களைப் பந்தலில் உட்கார வைக்க முடியாது, பங்கு மண்டபத்து மாடியில் மேசை போட்டுப் பன்னிரண்டு மணிக்கே பரிமாறிவிடுவது என்று முடிவானது. யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் எழுத வேண்டும், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் தந்தார்கள். நம் கரையில் ஒரு காலத்தில் நம் சனத்தையே மேசைக்காரர், கம்மாரக்காரர் என்று பிரித்து வைத்திருந்தார்கள், பறங்கியர் கொண்டுவந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒரு பக்கம், கடலில் முங்கி முத்தும் சங்கும் எடுத்தவர்கள் இன்னொரு பக்கம். ஒரு மரச்சாமானை வைத்து மேல் கீழ் பார்த்த மக்கள் வேறெங்கும் இருந்ததாக நான் படித்ததில்லை. அதெல்லாம் ஒழிந்து எத்தனையோ காலம் ஆயிற்று என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒழிந்ததைக் கொண்டாடும் விதமாக இருபத்திரண்டு பேரை எழுதினேன். ரோமர் அறையில் ஒன்பது பேர்தான் கொள்ளும், நம்முடையதில் இருபத்திரண்டு, இரண்டாயிரம் வருடத்தில் மனிதகுலம் இவ்வளவு முன்னேறியிருக்கிறது, ஏ.சி. வேறு.

பட்டியலில் என் பெயரும் இருந்தது. ஜெனிஸ் வீட்டாரை மாடிக்குக் கூட்டிப் போனால், இவங்க யாரு தஸ்நேவிஸ் என்று கேட்பார்கள். நான் கீழே இறங்கிப் போனால், சார் ஏன் அங்கன போறாங்க என்று கேட்பார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான், என் மகன் அந்த வீட்டில் பெண் எடுக்கிறான் என்பது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். மாடியில் அரை வயிறு சாப்பிடுவது, இறால் கம்பெனியில் மூன்று மணிக்கு வேலை முடிந்து பேபி வந்ததும் கீழே போய் மீதி அரை வயிறு சாப்பிடுவது. இரண்டு இடத்திலும் நல்லவனாக இருக்க வயிறு ஒத்துழைத்தால் போதும் என்று நினைத்தேன். உன் அம்மா முழங்கால் வலியால் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மூன்றரை மணிக்குக் கம்பெனி வேனில் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஜெனிஸும் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அவள் அப்பா சங்கு குளிக்கப் போகாமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாகப் பன்னிரண்டு மணியிலிருந்தே பந்தல் கால் பக்கத்தில் நின்றிருக்கிறார், வருகிற பந்தியில் எல்லாம் உட்காரச் சொன்னவர்களிடம், சார் வருவாக, சேந்து இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார். இது பிறகு எனக்குத் தெரிந்தது. மாடி ஜன்னல் வழியாக அந்த வெள்ளைச் சட்டையை நான் பார்த்தேன், யாரோ உறவுக்காரர் போல என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். நான் கீழே வந்தபோது கறி முடிந்து, அடிச்சோறும் ரசமும்தான் இருந்தது. இலை போடுகிற பையன்கள் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என் கையில் மாடியில் கொடுத்த பீடா. பேபி என்னைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டே, சார், நீங்க சொன்னீயளே கொரிந்து ஊரு, அங்கயும் மாடி உண்டுமோ என்றாள். கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஏளா, சும்மா இரு, சாருக்குப் பீடா தொண்டையில சிக்கிரப் போவுது என்று ஒருத்தி சொன்னாள்.

இப்போது நான் செய்ததைக் கேள். பதில் சொன்னேன். ரோமர் வீடுகளில் சில சமயம் மேல்தளமும் உண்டு, ஆனால் விருந்து அறை பெரும்பாலும் கீழேதான் இருக்கும் என்று விளக்கினேன். அந்த நிமிஷம் எனக்கு வேறு எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஜெனிஸ் என் முகத்தை நேராகப் பார்த்தாள், அம்மா வா போவோம் என்று மட்டும் சொன்னாள். அவள் அப்பா எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அசனச் சோற்றைத் தொடாமல் யாராவது திரும்பிப் போய் நம் பங்கில் நான் பார்த்ததில்லை, காய்ச்சல்காரனுக்குக்கூட ஒரு கவளம் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மூன்று பேரும் போனார்கள். அன்று ராத்திரி நீ கூப்பிட்டாய். நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன்.

நீ ஜெனிஸைப் பற்றிக் கேட்ட ஞாயிற்றுக்குப் பிறகு, வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன், உன் அம்மா வாசலில் செருப்பை எடுத்து வைத்துப் போங்க என்றாள், அசனம் முடிந்ததிலிருந்து அதுவரை சோறு போடுவதைத் தவிர அவள் என்னோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு நான்கு வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பேபி நாற்காலி போட்டாள், கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள், என் முதல் வாக்கியம் முடிவதற்குள், சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, மறந்துட்டீயளா, இல்ல தெரிஞ்சுதான் செஞ்சீயளா, மறந்துட்டேன்னா வயசான ஆளு, பேச்சு முடிஞ்சுது என்றாள். எனக்கு அறுபத்தெட்டு வயது, மறதி என்றால் யாரும் நம்புவார்கள், அவளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். மறக்கவில்லை என்றேன். பன்னிரண்டு மணிக்கும் நினைவிருந்தது, மூன்று மணிக்கும் நினைவிருந்தது, உங்களோடு உட்கார்ந்து நாலு பேர் பார்ப்பதற்கு வெட்கப்பட்டேன் என்றேன். ஜெனிஸின் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பேபி, இத உங்க மகன்கிட்ட சொல்லிட்டீயளா என்று கேட்டாள். இல்லை என்றேன். உள்ளேயிருந்து ஜெனிஸ், அதனாலதான் நான் போன் எடுக்கல மாமா, எடுத்தா அவரு கேப்பாரு, அவுக அப்பாவப் பத்தி என் வாயால சொல்ல மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிருங்க என்றாள். மாமா என்றாள், அதைக் கேட்டதும் எனக்குத் தலை நிமிரவில்லை. உன்னைக் கட்டிக்கொள்வாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. பேபி மட்டும் வாசல் வரை வந்து, அவன் தெரிஞ்சிக்கட்டும், பொறவு பிள்ளைய ரெண்டு பேரும் பேசிக்கிடட்டும் என்றாள்.

ஆகவே எழுதிவிட்டேன். கடிதம் தபாலில் வர நாளாகும் என்று பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப உன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள், தூக்குவாளிய விட்டுட்டியளே என்றாள். உண்மை, விட்டுவிட்டேன். இரண்டு மணிக்கு மாடியிலிருந்து இரண்டு தூக்குவாளி நிறையக் கறியை ஆட்டோவில் நம் வீட்டுக்கு அனுப்பினேன், மாடியில் இருந்த எல்லாரும் அனுப்பினார்கள். கறி தீர்ந்துபோனதற்குப் பிந்தி வந்தவர்கள் காரணம் இல்லை. மறுநாள் அதை நான் சூடு பண்ணிச் சாப்பிட்டேன், உன் அம்மா தொடவில்லை.

என்மேல் உனக்கு வருகிற கோபத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம், அதோடு சாப்பாட்டையும் குறைத்துக்கொள்ளாதே. கப்பல் மேல்தளத்தில் வேலை இருக்கும்போது காதை மூடிக்கொள். ஞாயிறு பூசைக்குப் போ, வேலை இருந்தால் பரவாயில்லை. மாதா உன்னையும் அந்தப் பிள்ளையையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதிக்க உன் அம்மாவுக்கு உரிமை இருக்கிறது, எனக்காகவும் சேர்த்து அவள் செய்வாள். படித்து முடித்ததும் ஜெனிஸைக் கூப்பிடு, கடிதம் வந்தது என்று முதலில் சொல், எடுப்பாள். இதில் உள்ளதை அவளுக்கு வாசித்துக் காட்டு. நான் இன்னும் எதையாவது விட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும், அவள் சொல்வதையே நம்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
தஸ்நேவிஸ் மிராந்தா
தூத்துக்குடி