மஞ்சள் டான்டலம்

இன்று காலை ஒரு ஃபேன் கண்ட்ரோலர் பெட்டியைத் திறந்ததும் சுட்ட ஈய வாசம் அடித்தது. உள்ளே இருந்த பற்றவைப்பு உன்னுடையது. நாமகிரிப்பேட்டைக் கோழிப்பண்ணைக்காரர் கொண்டுவந்திருந்தார். "ஏனுங்க, ஃபேன் நின்னு நின்னு சுத்துதுங்க. ஷெட்டு நெறையக் கோழி நிக்குது. இந்த வெயிலுக்குத் தாங்காதுங்க" என்றார்.

மின்சாரம் நுழையும் இடத்து எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சூட்டில் தலை உப்பிக் கிடந்தது. அதை மாற்றினேன். அத்தோடு மூடியிருக்கலாம். ஆனால் ஐந்து வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் டான்டலம் கெப்பாசிட்டர் இருந்தது.

நாம் இரண்டு பெண்களும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ரிப்பேர் கடை போட்ட புதிதில், ஒரு டான்டலம் தீப்பிடித்து மேஜையைக் கருக்கியதே. புகையை விசிறிக்கொண்டே, "இந்தச் சனியன் இனி நம்ம போர்டுல வேண்டாம் புள்ள" என்றாய். அதற்கு வக்காலத்து வாங்கியவள் நான்தான். நீ கேட்கவே இல்லை.

கைதவறி வைத்துவிட்டாய் என்று நினைத்து, கழற்றிவிட்டு செராமிக் கெப்பாசிட்டர் வைத்தேன். அதற்கு உள்தடை மிகக் குறைவு, குறைந்தால் நல்லதுதானே? ஆனால் ஐந்து வோல்ட் நிலைகொள்ளாமல் நடுங்கியது. சோதனைக்கு மாட்டிய ஃபேன் முன்னைவிட மோசமாகத் திணறியது. பண்ணைக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டான்டலத்தைத் திரும்ப வைத்தேன். அடங்கிவிட்டது. அவர் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பழைய ரெகுலேட்டருக்குப் பக்கத்துக் கெப்பாசிட்டரில் கொஞ்சம் உள்தடை இருந்தால்தான் சரிப்படும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது புரிந்தது. நீதான் புரியவில்லை. அந்தத் தடை எலக்ட்ரோலிட்டிக்கிலும் கிடைக்குமே. தகர ஷெட்டுச் சூட்டில் அது காய்ந்துபோகும் என்று பயந்தாயா? எப்போது மனம் மாறினாய்? தினமும் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றவள் நீ, என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியும் நான்தான் காதில் வாங்கவில்லையா? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, "வாரேன் புள்ள, அந்த போர்டைத் தொடாத" என்றாய். எந்த போர்டு என்று நான் கேட்கவில்லை. நீ திரும்பி வரவும் இல்லை.

மாலையில் அடுத்த போர்டுகளுக்குச் சாமான் வாங்க சேலம் டவுனுக்குப் போனேன். "டான்டலமுங்களா, எலக்ட்ரோலிட்டிக்குங்களா?" என்றார் கடைக்காரர். முன்பெல்லாம் நான் ஒன்று சொல்வேன், நீ மறுப்பாய், சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருவோம். இப்போது இரண்டு பக்கத்தையும் நானே பேசிக்கொள்கிறேன். அதில் உன் பக்கம் எது என்றுதான் தெரியவில்லை.

பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள்.

"ரெண்டும் குடுங்க" என்றேன்.